காப்புக் கட்டின மைக் செட்டு

இன்னைக்கும் நம்ம குப்பத்துல மைக் செட்டு கொஞ்சம் கரகரத்தா போதும், "யார்ரா அது, வாந்திக்காரன் கை பட்டுச்சா?"ன்னு எங்க அண்ணனை இழுத்து ஒரு சிரிப்பு. சின்னப் பசங்களுக்கு அவனைத் தெரியவே தெரியாது. நரைச்ச தலையை வெச்சுக்கினு நீங்கதான் சிரிக்கிறீங்க. அவன் இருந்தவரைக்கும் என்னை வாயைத் திறக்க விடல. இப்ப அவன் போய்ச் சேர்ந்தாச்சு, இனிமே என்னைத் தடுக்க ஆள் இல்ல. கம்முனு கேளுங்க.

நாம எல்லாம் பாவாடையும் டவுசருமா ஏரிக்கும் கடலுக்கும் நடுவுல திரிஞ்ச காலம் அது. மார்கழி மாசம். விடிஞ்சா ரெண்டு பக்கத்துத் தண்ணியும் தெரியாது, அப்படி ஒரு பனி. எதிர் வீட்டுச் சித்தி வாசல் பெருக்குற சத்தம் கேட்கும், ஆளு தெரியாது. அதுக்கு முன்னாடியே கட்டுமரம் எல்லாம் கடலுக்குப் போயிருக்கும். திரும்பி வர்றவங்களுக்குக் கரை எங்கன்னு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் ஊர் செட்டு. கங்கையம்மன் கோயில் எதிர்ல பனைமரத்து உச்சியில, கடலைப் பார்த்து கொழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தாங்க. பனி இறங்கின நாள்ல சாமி பாட்டுல ஆரம்பிச்சு சினிமாப் பாட்டு வரைக்கும் ஓயாம போடுவாங்க. ஆம்பளைங்க காதை வெச்சுத்தான் கட்டுமரத்தைத் திருப்புவாங்க. பாட்டு நேரா மூஞ்சியில வந்து அடிச்சா நம்ம கரை. எடது காதுல கேட்டா வடக்க தள்ளிப் போயிட்டாங்கன்னு அர்த்தம், மொகத்துவாரம் கிட்ட. ஏரியும் கடலும் மோதிக்கிற அந்த எடத்துல அலை ஆளை எப்படிப் புரட்டும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?

அதனால அதை யாரும் பாட்டுக் கேட்கிற சாமானா நெனைக்கல. ஆடி மாசம் அம்மனுக்குக் காப்புக் கட்டும்போது அதே மஞ்சத் துணியில ஒரு துண்டு கிழிச்சு செட்டோட சாம்பல் கலர் தகரப் பொட்டிக்கும் கட்டுவாங்க. உள்ள ஏதாச்சும் பார்க்கணும்னா ஊர் கூடி, சூடம் கொளுத்தி, ஊருக்குத் தலைவரா இருக்கிற பெரியதனக்காரர் கையாலதான் காப்பை அவுக்கணும். ஊருக்குத் தெரியாம அவுத்தா அவன் குடும்பத்தையே தள்ளி வெச்சிடுவாங்க. ஏரியில மொறை போட்டு வலை கட்டுறோமே, பாடு, அதுல அந்த வீட்டுக்கு எடமே கிடையாது. பாடு போச்சுன்னா சோறு போச்சு.

செட்டு எங்க வீட்லதான் இருந்துச்சு. எங்க நைனாதான் அதுக்குக் காவல். காலையில தலையில வெச்சு கோயிலுக்குத் தூக்கிட்டுப் போவாரு, வேலை முடிஞ்சா தூக்கிக்கினு வருவாரு. மழை நாள்ல எனக்குப் போத்த வெச்சிருந்த துப்பட்டியை உருவி அதுக்குப் போத்தினவரு அவரு. அம்மா கத்தும், அவருக்குக் காதே கேட்காது.

அண்ணன் கதை வேற. கடல்காரன் வீட்ல பொறந்துட்டு அவனுக்குக் கடல் ஆகாது. மரத்துல ஏறினா வாந்தி. அது கூடப் போகட்டும், கரையில ஏரிப் படகுக்குத் தார் காய்ச்சினாலே கொமட்டிக்கினு ஓடுவான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு நைனாவே அவனைப் பட்டணத்துல ஐ.டி.ஐ.யில ரேடியோ வேலைக்குச் சேர்த்தாரு. இன்னும் ஒரு வருசம் படிப்பு பாக்கி. அந்த மார்கழியில லீவுக்கு வந்திருந்தான். தொடையில கரண்டு பார்க்கிற மீட்டர் ஒண்ணை வெச்சுக்கினு வீட்ல இருக்கிற டார்ச் லைட்டு, அதோட பல்பு எல்லாத்தையும் தொட்டுத் தொட்டுப் பார்ப்பான். முள்ளு ஆடினா அவ்ளோ சந்தோசம் அவனுக்கு.

அப்பத்தான் செட்டு மக்கர் பண்ண ஆரம்பிச்சுது. நாலு பாட்டு நல்லா பாடும். அப்புறம் எண்ணெயில மீன் போட்ட மாதிரி பொரியும், அப்புறம் ஊஊன்னு இரைச்சல், அப்புறம் ஒண்ணுமே இல்ல. கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சுட்டுப் போட்டா சமத்தா மறுபடி பாடும். பெரியதனக்காரர் எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாரு.

"இன்னாப்பா, உம் புள்ள ரேடியோ வேலைதானே படிக்குது? பாக்கச் சொல்லேன்."

"அது சின்னப் புள்ள. பழவேற்காட்டு பஜாருக்கு எடுத்துனு போலாமே"ன்னு நைனா இழுத்தாரு.

"வூட்ல படிச்ச புள்ளைய வெச்சுக்கினு பஜாருக்கு இன்னாத்துக்கு?"

நைனா சரின்னு தலையாட்டினாரு. பெத்த புள்ள மேல நம்பிக்கை இல்லபோலன்னு அம்மா அன்னைக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிச்சு. நானும் அப்படித்தான் நெனச்சேன்.

சூடம் கொளுத்தி காப்பை அவுத்துக் கொடுத்தாங்க. அண்ணன் அதைப் பின்கட்டு வாசல் கிட்ட, கடல் காத்து நல்லா வர்ற எடத்துல வெச்சு மூடியைக் கழட்டினான். திருகாணியை எல்லாம் ஒரு கொட்டாங்கச்சியில போட்டான். பேட்டரி ஒயர் முனையில பாசம் மாதிரி பச்சை பூத்திருந்துச்சு, புளி போட்டுத் தேய்ச்சான். உள்ள இருந்த போர்டுப் பலகையை வெளியே இழுத்து ஒரு மரத்துண்டு மேல வெச்சு, பாட்டைப் போட்டு விட்டு, நைனாவோட மூங்கில் வலை ஊசியால ஒவ்வொரு சாமானா தட்டினான். "கம்பியால தட்டினா ஷார்ட் ஆயிடும், மூங்கிலு ஒண்ணும் பண்ணாது"ன்னான். தட்டும்போது எந்த எடத்துல சத்தம் மாறுதோ அங்க கோளாறாம். எங்கேயும் மாறல.

பலகையைத் திருப்பிப் பார்த்தான். அடிப்பக்கம் முழுக்க கருப்பா ஒரு பூச்சு. அவன் கண்ணு விரிஞ்சுது.

"கப்பல்ல வைக்கிற போர்டுக்கெல்லாம் உப்புக் காத்து படாம கம்பெனியிலேயே வார்னிஷ் பூசி அனுப்புவாங்கன்னு எங்க சார் சொல்லியிருக்காரு. உசந்த செட்டு நைனா இது. இந்தப் பூச்சை மட்டும் தொடவே கூடாது."

நைனா படியில உக்காந்து வலை ஓட்டையைப் பொத்திக்கினு இருந்தாரு. தலையைத் தூக்காம "ம்"னாரு. அந்த ஒரு எழுத்துக்கு எங்க வீடு எவ்ளோ வெலை கொடுத்துச்சுன்னு இப்ப நெனச்சாலும் எனக்கு வயிறு எரியுது.

சத்தத்தைக் கூட்டிக் கொறைக்கிற குமிழ் கிட்ட ஒரு ஒயர் ஆடிக்கினு இருந்துச்சு. அதுதான் கோளாறுன்னு அடுப்புத் தணல்ல கோலைக் காய்ச்சி ஈயம் பத்த வெச்சான். மூடி போடாம அப்படியே பாட விட்டான். காலையில ஆரம்பிச்சது விளக்கு வைக்கிற வரைக்கும் ஒரு இருமல் இல்லாம பாடுச்சு. அம்மா எறா தொக்கு பண்ணுச்சு. மூடியைப் போட்டுத் திருகி, காப்புக் கட்டி, கோயிலுக்குக் கொண்டு போனாங்க. "படிப்புன்னா படிப்புதான்யா"ன்னு பெரியதனக்காரர் அவன் முதுகுல தட்டினாரு.

அடுத்த வாரம் வந்த பனியை நீங்களும் மறந்திருக்க மாட்டீங்க. வெயில் ஏற வேண்டிய நேரம் ஆகியும் கலையல. கட்டுமரம் எல்லாம் கடலுக்குள்ள இருந்துச்சு. செட்டு பாடிக்கினு இருந்துச்சு, பொரிஞ்சுது, ஊஊன்னுச்சு, நின்னு போச்சு. அண்ணன் ஓடிப்போய்க் குமிழைத் திருகினான், ஒயரை ஆட்டினான், காப்பு கட்டின பொட்டியைத் திறக்க முடியாம கையால ஓங்கி ஓங்கி அறைஞ்சான். பொம்பளைங்க தாம்பாளத்தைத் தட்டினாங்க, டின்னைத் தட்டினாங்க. ஆளாளுக்கு ஒரு பக்கம் நின்னு தட்டினா கடல்ல இருக்கிறவன் எந்தச் சத்தத்தைப் பார்த்து வருவான்? ஒவ்வொரு மரமா தட்டுத் தடுமாறி வந்துச்சு. எதிர் வீட்டுச் சித்தப்பா மரம் மட்டும் வரல. பனி கலைஞ்சப்புறம் அவரு கூடப் போனவரு வடக்க இருந்து நடந்து வந்தாரு, ஒடம்பெல்லாம் கிழிஞ்சு. மொகத்துவாரத்துல மரம் கவுந்து போச்சுன்னாரு. சித்தப்பா ஒடம்பு மறுநாள் ஏரிப் பக்கம் ஒதுங்குச்சு. சித்தி இடுப்புல அப்ப ஒரு கைக்குழந்தை.

அந்த வீட்டு ஒப்பாரி எங்க வீட்டுச் சுவத்துல வந்து மோதும். அண்ணன் சோறு தொடல. பெரியதனக்காரர் செட்டோட காப்பை அறுத்துட்டு, அதைக் கொண்டாந்து எங்க வாசல்ல போடச் சொன்னாரு. "காரியம் முடியட்டும், கூட்டத்துல பேசிக்கலாம்"னாரு. முதுகுல தட்டின அதே கையால அண்ணனைக் காட்டி, "இது கை வெச்ச நேரம், ஒரு உசுரு போச்சு"ன்னாரு.

அண்ணன் செட்டு எதிர்ல உக்காந்து அதையே பார்த்துக்கினு இருந்தான். இங்க நாள் பூரா பாடின சாமான் அங்க போனதும் ஏன் நிக்கணும்? வாய்விட்டுக் கேட்டுக்குவான். ஒரு மத்தியானம் நான் மொறத்துல நெத்திலி ஆஞ்சுக்கினு இருக்கேன், திடீர்னு எழுந்தான்.

"மூடிம்மா! இங்க நான் மூடியே போடல!"

"இன்னாடா ஒளர்றே?"ன்னுச்சு அம்மா.

"இங்க காத்து பட்டு போர்டு சில்லுனு இருந்துச்சு. அங்க மூடினதும் உள்ள சூடு ஏறுது. சூடு ஏறினாத்தான் கோளாறு வருது. அதான் எனக்குத் தெரியல!"

போட்டிருந்த மூடி மேலேயே சாக்கைப் போத்தினான். எதிர் வீடு எழவு வீடு, அதனால கொழாய் ஸ்பீக்கர் இல்லாம ஒரு பழைய ரேடியோவோட சின்ன ஸ்பீக்கரை மாட்டி, அதையும் பானைக்குள்ள கவுத்து வெச்சான். பானைக்குள்ள பாட்டு முனகிச்சு. அவன் குந்திக்கினு காத்திருந்தான். ரொம்ப நேரம் கழிச்சு பொரியற சத்தம் வந்துச்சு. கூடவே ஒரு வாசனை. எனக்கு முன்னாடி அவனுக்குத்தான் அது எட்டிச்சு. வாயைப் பொத்திக்கினு கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தான்.

திரும்பி வந்தவன் வாயைத் தொடைக்கக் கூட இல்ல. சாக்கைத் தள்ளி, மூடியைக் கழட்டி, பலகையைத் திருப்பினான். கருப்பு பூச்சுல விரலை வெச்சான், விரல் ஒட்டிக்கிச்சு. மோந்து பார்த்தான். கம்பெனி வார்னிஷ் இல்ல அது. நம்ம ஏரிப் படகுக்கு அடியில பூசற தாரு.

மண்ணெண்ணெய்த் துணியால தொடைச்சு, கொட்டாங்கச்சி ஓட்டால சொரண்டிச் சொரண்டி ஒரு அலுமினியத் தட்டுல போட்டான். தாரு போகப் போக ஈயப் புள்ளிங்க வெளியே வந்துச்சு. ஒரு புள்ளி மேல வலை ஊசியை வெச்சு அமுக்கினான். பானைக்குள்ள பாட்டு திரும்பி வந்துச்சு. எடுத்தான், போச்சு. என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். ஒரு சாமானோட காலைச் சுத்தி, ஈயத்துல, முடி மாதிரி ஒரு வெடிப்பு வட்டமா ஓடியிருந்துச்சு. கொதிக்கக் கொதிக்க ஊத்தின தாரு ஆறி இறுகும்போது காலைப் பிடிச்சு இழுக்குமாம், சூட்டுல இளகுமாம், மறுபடி இழுக்குமாம். இழுத்து இழுத்து விட்டுப் போச்சு. தாருக்கு அடியில இருந்ததால கண்ணுக்கும் தெரியல, தட்டினாலும் அசையல. புது ஈயம் பத்த வெச்சு, மூடியைத் திருகி, சாக்கைப் போத்தினான். பொழுது சாய்ற வரைக்கும் பாடுச்சு. அவன் மூஞ்சியில ஒரு சிரிப்பு வந்துச்சு. எதிர் வீட்ல சித்தி கத்தி அழுதுச்சு, சிரிப்பு அப்படியே செத்துப் போச்சு.

நைனா ஏரியில இருந்து வந்தவரு வாசப்படி தாண்டல. தட்டுல இருந்த தாரைப் பார்த்துட்டு நின்னாரு.

"நம்ம படகுத் தாருதானே நைனா?"

நைனா துடுப்பைச் சுவத்துல சாச்சாரு. "உப்பு தின்னுடுமேன்னு பூசினேன்டா. போன மழைக்கு முன்னாடி. படகுக்குப் பூசறோமே, வருசக் கணக்கா நல்லாத்தானே கீது?"

"காப்பை யாரு அவுத்தது?"

"நாந்தான். அவுத்து, பூசி, அதே துணிய திரும்பக் கட்டிட்டேன்."

"வார்னிஷ்னு நான் சொன்னப்ப 'ம்'னியே நைனா. இல்லடா, தாருடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே சொரண்டிப் பாத்திருப்பேனே. சித்தப்பா இருந்திருப்பாரே."

நைனா அப்படியே மண்ணுல உக்காந்துட்டாரு. அவரு அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அவரு கெட்டவரு இல்ல. கெட்டவரா இருந்திருந்தா நான் என்னைக்கோ திட்டித் தீர்த்து ஆறியிருப்பேன்.

பேசினது அம்மாதான். கதவைச் சாத்திட்டு வந்து அண்ணன் கையைப் பிடிச்சுக்கிச்சு. "காப்பை அவுத்தாரு, அதனால உசுரு போச்சுன்னு தெரிஞ்சா உங்க நைனாவை ஊர் உசுரோட வைக்குமா? பாடு போயிடும். ஊர்த் தண்ணி கூடத் தர மாட்டாங்க. இதோ நிக்கிறாளே உன் தங்கச்சி, தள்ளி வெச்ச வூட்டுப் பொண்ணை எவன்டா கட்டுவான்? நீ சின்னப் புள்ள. தெரியாம பண்ணிட்டேன்னா ஊரு மன்னிச்சிடும்டா."

அவன் என்னைப் பார்த்தான். நான் நெத்திலி நாத்தம் அடிக்கிற கையைப் பாவாடையில தொடைச்சுக்கினு நின்னேன். என்னைக் காட்டித்தான் அவன் வாயை அடைச்சாங்க, தெரிஞ்சுக்கோங்க.

கூட்டத்தன்னைக்கு நீங்க எல்லாம் கோயில் மதில் மேல ஏறி உக்காந்திருந்தீங்க. அண்ணன் கையைக் கட்டிக்கினு நடுவுல நின்னான். "என் கைத் தப்புதான். வேலை எனக்குச் சரியா தெரியல. இப்ப கோளாறைக் கண்டுபுடிச்சு சரி பண்ணிட்டேன், இனிமே நிக்காது"ன்னான். போட்டுப் பார்த்தாங்க, கணீர்னு பாடுச்சு. "இப்ப பாடும். நீ கிட்ட வந்தா நிக்கும்"னு யாரோ சொன்னாங்க, கூட்டம் ஆமாம் போட்டுச்சு. என்ன கோளாறுன்னு ஒருத்தர் கேட்கல. ஒரே ஒருத்தர் கேட்டிருந்தா அவன் பொய் சொல்லியிருப்பானா, உடைஞ்சு போய் நெசத்தைக் கொட்டியிருப்பானான்னு நான் எத்தனையோ தடவை யோசிச்சிருக்கேன்.

பெரியதனக்காரர் தீர்ப்பு சொன்னாரு. செட்டை அவன் இனிமே தொடக்கூடாது. படிப்பு போதும். செத்தவரோட எடத்துல இவன் மரம் ஏறணும். அந்தப் புள்ள வளர்ந்து துடுப்புப் பிடிக்கிற வரைக்கும் இவன் பங்கு மீனு அந்த வீட்டுக்கு. நைனா தலையைக் குனிஞ்சு மண்ணைப் பார்த்துக்கினு இருந்தாரு. இப்பவாவது எழுந்திருப்பாரு, இப்பவாவது வாயைத் திறப்பாருன்னு நான் அவரையே பார்த்தேன். கூட்டம் கலைஞ்சப்புறம்தான் எழுந்தாரு.

தை பொறந்ததும் அண்ணன் கடலுக்குப் போனான். பட்டணத்துக்குத் திரும்பவே இல்ல. மீட்டரை அம்மா பரண் மேல போட்டுச்சு, உப்புல முள்ளு துருப்பிடிச்சு ஒட்டிக்கிச்சு. கொமட்டலுக்குன்னு மடியில ஒரு உருண்டை புளி வெச்சுக்கினு போவான், வரும்போது கன்னம் ஒட்டிப் போய் வருவான். தெனமும் வாந்தி. பழகிடும் பழகிடும்னாங்க, அவனுக்குக் கடைசி வரைக்கும் பழகல. அவன் கரை ஏறுற வரைக்கும் நைனா சாப்பிட மாட்டாரு. அதைப் பாசம்னு அம்மா சொல்லும். எனக்குப் பத்திக்கினு வரும்.

செட்டு என்ன ஆச்சுன்னு கேளுங்க. அது அதுக்கப்புறம் நிக்கவே இல்ல. எத்தனை மார்கழி, எத்தனை பனி! பாடிக்கினே இருந்துச்சு. அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கினுதான் எல்லாரும் கரை வந்தீங்க, அவனும் வந்தான். "பையன் கையை எடுத்ததும் செட்டு தேறிக்கிச்சு பாரு"ன்னு நீங்க பேசிக்கிட்டதும் அவன் காதுல விழும். வலையை உதறிக்கினே போயிடுவான்.

நைனா செத்தன்னைக்கு நான் கைக்குழந்தையோட புருசன் வீட்ல இருந்து ஓடியாந்தேன். இதே குப்பத்துலதான் என்னைக் கட்டிக் கொடுத்தாங்க, நல்ல எடம், ஊர்ல மதிப்பான வீடு. செட்டைக் கண்ணு மாதிரி காத்தவருன்னு எங்க வாசல்ல அதைக் கொண்டாந்து வெச்சு பாட்டுப் போட்டாங்க. பாடையைத் தூக்கும்போது யார் காலோ இடறி ஒயர் கழண்டுச்சு. பாட்டு நின்னு போச்சு. கொள்ளிச் சட்டியோட முன்னாடி நின்ன அண்ணன் ஈரத்துணியோட குனிஞ்சு, தன்னை அறியாம ஒரு கையை நீட்டி ஒயரை எடுத்தான்.

தம்பி, எதிர் வீட்டுச் சித்தி பெத்த புள்ளையே, இன்னைக்கு நீதான் நம்ம ஊர்ப் பெரியதனம். அன்னைக்கு உனக்கு மீசை அரும்பு விட்டிருந்துச்சு. அவன் வாந்தி எடுத்துச் சம்பாரிச்ச மீனுலதான் நீ வளர்ந்தே. நீ ஓடியாந்து அவன் கையில இருந்த ஒயரை மெதுவா வாங்கினே. "நீ தொடாதண்ணா"ன்னே. மரியாதையாத்தான் சொன்னே. நான் நெசத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவன் என்னைப் பார்த்து வேணாம்னு தலையாட்டினான். கையை ஈரத்துணியில தொடைச்சுக்கினு, சட்டியைத் தூக்கிக்கினு நைனாவுக்கு முன்னாடி நடந்தான்.

உன் மேல எனக்குக் கோவம் இல்லடா. உனக்கு யாரும் சொல்லல. இப்ப நான் சொல்லிட்டேன்.